பிச்சி மொக்கு வைத்த எழுத்து

கரிவலம்வந்தநல்லூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே புதிதாக ஒரு ஜூஸ் கடை திறந்திருந்தார்கள். கடை நெற்றியில் பெரிய போர்டு. ‘வாங்க வாங்க, குடிச்சிட்டுப் போங்க’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. வண்டியில் போய்க்கொண்டிருந்த நான் அதைப் பார்த்த மாத்திரத்தில் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். பின்னால் பைக்கில் வந்தவர், “ஏ பெரியவரே, சாகதுக்கு எம் வண்டிதான் கெடச்சுதா?” என்று வைதுகொண்டே ஒதுங்கிப் போனார். அவர் வைததில் தப்பில்லை. நான் நடு ரோட்டில்தான் நின்றிருந்தேன்.

அது என் மகன் எழுத்து.

எனக்கு ஊர் சங்கரன்கோவில். எட்டாவது வரை படித்திருக்கிறேன். சூடம், பத்தி, விளக்குத்திரி, மஞ்சள், குங்குமம் என்று பூஜை சாமான்களை வண்டியின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்க் கடைகளுக்குப் போடுவது என் தொழில். ஒரு நாள் ராயகிரி, ஒரு நாள் குருவிகுளம், ஒரு நாள் கரிவலம் என்று லைன் போகும். காலையில் கோமதி அம்மனைக் கும்பிட்டு, புற்று மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயும்போது வீடு. வீட்டில் இப்போது நானும் என் மனைவியும்தான். அவள் கடைக்காரர்களுக்குப் பூக் கட்டிக் கொடுக்கிறாள். பெரும்பாலும் பிச்சிப்பூ. எங்களுக்கு ஒரே மகன். அவன் எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது.

சின்ன வயதிலிருந்தே அவன் எழுத்து ஒரு தினுசாக இருக்கும். நேராக நிற்காது. ‘ங’ என்று எழுதினால் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். ‘ழ’வுக்கு வால் கன்றுக்குட்டி துள்ளுகிற மாதிரி மேலே போகும். ‘ஆ’வின் சுழிக்குள் ஒரு கண்ணை வைத்துவிடுவான். எல்லா எழுத்தும் எங்கேயோ விளையாடப் புறப்பட்ட மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். வாத்தியார்கள் வைதார்கள், அவன் கேட்கவில்லை. புள்ளி வைக்கிற இடத்தில் அவன் புள்ளி வைப்பதே இல்லை. ஒரு பிச்சி மொக்கு வரைவான். லேசாகச் சாய்ந்த, கூர் முனையுள்ள மொக்கு. அம்மை பூக் கட்டுகிற குவியலுக்குப் பக்கத்திலேயே கிடந்து வளர்ந்தவன், வேறு எதை வரைவான்?

ஒரு நாள் அவள் வேடிக்கையாகச் சொன்னாள். “ஏலே, வெறும் மொக்கா வச்சிருக்க. காம்பு இல்லாத பூவை நான் எப்படிக் கட்டுவேன்? நழுவிலா போகும்.”

அன்றிலிருந்து அவளுக்கு எழுதுகிறபோது மட்டும் மொக்குக்குக் கீழே சின்னதாக ஒரு காம்பு இழுப்பான். எங்கள் அடுப்படி டப்பாக்களில் எல்லாம் அவன்தான் பெயிண்டால் எழுதினான். துவரம் பருப்பு, கடுகு, மல்லி, சீரகம். அந்த மொக்குகளில் எல்லாம் காம்பு இருக்கும். என் சரக்குப் பெட்டிகளில் ‘சூடம்’, ‘பத்தி’ என்று எழுதிக் கொடுத்தான். அதில் காம்பு இருக்காது. “எனக்கு ஏம்லே காம்பு இல்ல?” என்று கேட்டால், “நீங்க என்ன பூவா கட்டப் போறீய?” என்பான்.

பிறகு திருப்பூரில் பனியன் துணிக்குப் படம் போடுகிற ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனான். வாரா வாரம் பேசுவான். அம்மையிடம்தான் அதிகம் பேசுவான். ஒரு ஆடி மாசம், தபசுத் திருவிழாவுக்கு வாரேன் என்று சொன்னான். வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. அப்புறம் அந்த நம்பரே இல்லை என்று சொன்னது. நான் திருப்பூருக்குப் போனேன். கூட வேலை பார்த்தவர்கள் நல்ல பிள்ளைகள். “வீட்டுக்குப் போறேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டுத்தான் போனாரு, பை எடுத்துட்டுப் போனாரு” என்றார்கள். சண்டை இல்லை, கடன் இல்லை, காதல் கீதல் என்றும் எவரும் சொல்லவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். வளர்ந்த பையன், தானாகப் போனவன், தானாக வருவான் என்று ஆறுதலாகத்தான் சொன்னார்கள். மூன்று வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு காரணம் தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழலாம். எங்களுக்கு அதுவும் இல்லை.

அப்படி இருக்கிறபோதுதான் அந்த போர்டைப் பார்த்தேன். கடைக்குள் போய் ஒரு சர்பத் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“இந்த போர்டு யாரு எழுதுனது அண்ணாச்சி?”

“எழுதுனதா? அது பிளக்ஸ்லா. சங்கரன்கோவில்ல குடுத்து அடிச்சோம். ஏன், நல்லா இல்லையா?”

“நல்லாருக்கு. எப்ப அடிச்சது?”

“முந்தாநாத்துதான். கொண்டாந்து மாட்டி இன்னும் மடிப்புகூட நிமிரல.”

முந்தாநாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் கையிலிருந்த சர்பத்தைச் சட்டையில் சிந்திவிட்டேன். பிளக்ஸ் மிஷினில் அடிப்பது என்று எனக்கும் தெரியும். ஆனால் மிஷின் அடிப்பதற்கு முன்னால் யாராவது ஒரு ஆள் உட்கார்ந்து வரைந்து கொடுக்கத்தானே வேண்டும் என்று நான் நினைத்தேன். அந்தக் காலத்துச் சுவர் விளம்பரக்காரர்களைப் பார்த்து வளர்ந்த ஆள் நான். எழுத்து என்றால் அதற்குப் பின்னால் ஒரு கை உண்டு என்பதுதான் என் புத்தி.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். எதற்கு என்று சொல்லவில்லை. ரோட்டின் இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். பூக் கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருந்தாள், விரலில் நார் சுற்றியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

“காம்பு இல்லையே” என்றாள் முதலில். பிறகு அவளே, “கடைக்காரனுக்கு எழுதுனதுல எதுக்குக் காம்பு?” என்று சொல்லிக்கொண்டாள். பிறகுதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்த எழுத்து எங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ராயகிரியில் ஒரு காதுகுத்து விழா பேனர், குட்டிப் பாப்பா படம், மேலே துள்ளுகிற எழுத்து. குருவிகுளத்தில் ஆட்டுத் தீவனக் கடை. அந்த ‘ஆ’ கண்ணை முழித்துக்கொண்டு நிசமாகவே ஒரு ஆடு பார்க்கிற மாதிரி இருந்தது. பரோட்டாக் கடை, பிறந்தநாள் வாழ்த்து, ஒரு தெரு முக்கில் ‘இங்கு குப்பை கொட்டாதீர்கள்’. நான் லைன் முடித்து வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்கிற முதல் கேள்வி, “இன்னைக்கு எங்கன எழுதியிருந்தான்?” என்பதுதான். நான் சொல்லுவேன். அவள் அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். ஒரு சாப்பாட்டுக் கடையில் ‘அம்மா கைப்பக்குவம்’ என்று இருந்ததைச் சொன்னபோது அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

“என் ஞாபகம் வராமலா அதை எழுதியிருப்பான்?” என்றாள்.

எனக்கு எந்தக் கடையில் அடித்தார்கள் என்று போய்க் கேட்டுவிடலாம் என்று துடிப்பாக இருந்தது. அவள் விடவில்லை.

“வேண்டாம். நாம தேடுதோம்னு தெரிஞ்சு திரும்பவும் எங்கனயாவது போயிட்டாம்னா? பக்கத்துலதான இருக்கான். அவனாவே வரட்டும். நீங்க சத்தங் காட்டாம இருங்க.”

கோயிலில் பேசுகிற மாதிரி அவள் அதை மெதுவாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் அம்மன் சந்நிதியில் அழுவதை அவள் நிறுத்திவிட்டாள். நன்றி சொல்லிவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டில் ஒரு கல்யாணப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து, “நம்ம பிள்ளைக்கும் இந்த மாதிரி செவப்பா இல்லாட்டியும் பரவால்ல, சிரிச்ச முகமா ஒருத்தி” என்றுகூடச் சொன்னாள். அப்படி ஆறேழு மாசம் போனது. அந்த மாசங்களில் எங்கள் வீட்டில் அவன் இருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதைக் கெடுத்தது ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். துட்டி கேட்க இரண்டு பேரும் போனோம். தெரு முனையில் மின்கம்பத்தில் போஸ்டர் ஒட்டியிருந்தது. விபூதி பூசிய பெரியவர் முகம். அதற்குப் பக்கத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அதே எழுத்து. வாலை ஆட்டிக்கொண்டு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, மொக்கு மொக்காகச் சிரித்துக்கொண்டு. மனைவி அங்கேயே நின்றுவிட்டாள். கூட வந்த பெண்கள், “என்னக்கா, தலை சுத்துதா?” என்று பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். “எம் பிள்ளை இதை எழுத மாட்டான். எழவு வீட்டுக்கு இப்படிச் சிரிச்சுக்கிட்டு எழுத அவனுக்கு மனசு வராது. இது என்னமோ வேற. போயி கேளுங்க.”

போஸ்டரின் அடியில் அச்சடித்த கடையின் பெயர் இருந்தது. ரத வீதிக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. முதலாளி வெளியே போயிருந்தார். கம்ப்யூட்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது, முப்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை டாலர். என்னைப் பார்த்ததும், “வாங்க அண்ணாச்சி, என்ன விசேசம்? காதுகுத்தா, சடங்கா?” என்று கேட்டது.

“விசேசம் ஒண்ணும் இல்லம்மா. ஒரு எழுத்து பத்திக் கேக்கணும். வாலு துள்ளிக்கிட்டு, புள்ளிக்குப் பதிலா பூ வச்ச மாதிரி…”

“ஓ, அதா! அது இப்ப ரொம்ப ஓடுது அண்ணாச்சி. எல்லாரும் அதையே கேக்காவ.”

“அதை எழுதுத பையன் இங்கனதான் வாரானா?”

அது என்னைப் புரியாமல் பார்த்தது. “எழுதுத பையனா? அப்படி யாரும் இல்லையே. இது பாண்ட்டு அண்ணாச்சி, கம்ப்யூட்டர் எழுத்து. சும்மா டைப் அடிச்சா வரும். என்ன வேணும்னு சொல்லுங்க, அடிச்சுக் காட்டுதேன்.”

வாயில் வந்ததைச் சொன்னேன். “அப்பான்னு அடிம்மா.”

பட்டனை நாலு தட்டுத் தட்டியது. திரையில் ‘அப்பா’ என்று வந்து நின்றது. என் மகன் எழுத்தில். என் மகன் எழுதாத அப்பா. இரண்டு ‘ப’வும் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு, முதல் ‘ப’வின் மேலே ஒரு மொக்கு சாய்ந்துகொண்டு. நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தது. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு அதற்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு எனக்கு விளங்குகிற மாதிரி சொல்லிக் கொடுத்தது. ஒருவர் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு தடவை கையால் வரைவாராம். வளைவு, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக வரைந்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிடுவாராம். அதோடு அவர் வேலை முடிந்தது. அப்புறம் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அந்த எழுத்தில் அடித்துக்கொள்ளலாம். வரைந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

“இதுக்குப் பேரு பிச்சின்னு இங்கிலீசுல போட்டிருக்கு பாருங்க” என்று காட்டியது. “அவருதான் பண்ணியிருப்பாரு அண்ணாச்சி. வேற யாரு இந்தப் பேரு வைப்பா?”

“இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

அது யார் யாருக்கோ போன் போட்டது. இவர்களுக்குப் பென் டிரைவில் கொடுத்தவர் சிவகாசிக்காரர். அவருக்கு வாட்ஸப்பில் வந்ததாம். அவருக்கு அனுப்பியவர் தனக்கும் யாரோ அனுப்பியது என்றார். எப்போது செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை. திருப்பூரில் இருக்கும்போதே செய்திருக்கலாம். அப்புறமும் செய்திருக்கலாம்.

“அழிக்கச் சொன்னா எங்க சிஸ்டத்துல அழிச்சிருதேன் அண்ணாச்சி. ஆனா எல்லா ஊர்லயும் இருக்கு” என்றது.

“வேண்டாம்மா. இருக்கட்டும்.” கிளம்பும்போது ஒன்று கேட்டேன். “அப்ப கையால எழுதுனதையும் இதையும் பாத்தா வித்தியாசம் தெரியாதா?”

“தெரியும். ஒரே எழுத்து ரெண்டு தடவை வந்தா பாருங்க. இதுல அச்சு அசலா ஒண்ணுபோல இருக்கும். கையால எழுதுனா ஒண்ணு கொஞ்சம் குண்டா, ஒண்ணு கொஞ்சம் ஒல்லியா, எப்படியும் மாறிரும்லா.”

அடுத்த கரிவலம் லைனில் ஜூஸ் கடை முன்னால் நின்று பார்த்தேன். ‘வாங்க வாங்க.’ முதல் ‘வாங்க’வும் இரண்டாவது ‘வாங்க’வும் ஒன்றுதான். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள், ஒரே சாயலில், ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. இத்தனை நாளாக இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

மனைவியிடம் மறைக்கவில்லை. பிளக்ஸ் கடைக்குப் போய்விட்டு வந்த அன்றே சொல்லிவிட்டேன். நார் எடுத்து ஊற வைத்துக்கொண்டிருந்தவள், முழுக்கக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“அப்ப ரெண்டு எழுத்து ரெண்டு விதமா இருந்தா, அது கையால எழுதுனது?”

“ஆமா.”

“சரி” என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் ஊரைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது. பஸ்ஸில் போனால் ஜன்னலோரம்தான் உட்காருவாள். போர்டு வருகிறபோது உதடு அசையும். ‘க’வும் ‘க’வும், ‘ம’வும் ‘ம’வும். ஒன்றுபோல, ஒன்றுபோல, ஒன்றுபோல என்று தலையை லேசாக ஆட்டிக்கொண்டே வருவாள். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வாசல் பேனரைப் பார்ப்பாள். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நான் போகிற வழியெல்லாம் என் மகன் எழுத்து சிரித்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு போர்டும், நான் இங்கே இல்லை, நான் இங்கே இல்லை என்று சொல்கிற மாதிரி இருந்தது. உயிரோடு இருக்கிறானா என்கிற கேள்வியை நாங்கள் இரண்டு பேரும் வாயால் கேட்டது கிடையாது. அந்த எழுத்துகள்தான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தன.

போன ஆடியில் தபசுக்குக் கொடி ஏறியது. கொடி ஏறிவிட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆடிச்சுற்று சுற்றுவார்கள். அம்பாள் சுவாமியை வேண்டி ஒற்றைக் காலில் தபசு நிற்கிறாள். அவள் கால் வலியைக் கொஞ்சம் நாம் வாங்கிக்கொள்வதற்காகக் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவது. மனைவி காலையில் போய்ச் சுற்றிவிட்டு, கால் வீங்கி வந்து உட்கார்ந்தவள் சொன்னாள்.

“அவன் எழுத்தை எல்லாரும் எடுத்து எழுதுதாக. நாம ஒண்ணு எழுதுனா என்ன?”

“என்ன எழுத?”

“தபசு அன்னைக்கு மோர்ப் பந்தல் போடுவோம். வாரேன்னு சொன்ன நாள்தான அது.”

அவளே வாசகமும் வைத்திருந்தாள். ‘உப்புப் போடாத மோர் இங்கே கிடைக்கும்.’ எங்கள் மகன் சின்னப் பிள்ளையிலிருந்தே மோரில் உப்புப் போட்டால் வாயில் வைக்க மாட்டான். அவனுக்கென்று தனியாக ஒரு செம்பில் எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

பிளக்ஸ் கடைப் பெண்ணிடம் இரண்டு பேரும் போனோம். அது, “யாரு உபயம்னு போடணும்லா? அண்ணாச்சி போட்டோ இருக்கா?” என்று கேட்டது.

“போட்டோ எல்லாம் வேண்டாம்” என்றாள் மனைவி.

“சாமி படமாவது போடுவோம்க்கா. திருவிழாலா.”

“சாமி அங்கன கோயில்ல நல்லா இருக்கா. இதுல படம் போட்டா எழுத்து சின்னதாப் போயிரும்.”

அந்தப் பெண் சிரித்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டது. வெள்ளைத் துணியில் பெரிதாக அந்த ஒரு வரி மட்டும் அடித்துக் கொடுத்தது.

தெற்கு ரத வீதியில் தபசு மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பாத்திரக் கடை வாசலில் கேட்டு இடம் வாங்கி, இரண்டு பானையை வைத்தோம். ஒன்று உப்புப் போட்டது, ஒன்று போடாதது. பின்னால் பேனர். கூட்டம் என்றால் கூட்டம். ஊர் முழுக்கப் பந்தல் இருக்க, எங்கள் பந்தலில்தான் எல்லாரும் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

“என்ன வே, அம்மன் திருவிழாவுல உப்புக்குக் கூடவா பஞ்சம் வந்துட்டு?” என்றார் ஒரு மீசைக்காரர்.

“அண்ணாச்சி, சர்க்கரை போடாத பாயசம் எங்கன இருக்கு? அதையும் சொல்லிருங்க” என்றான் ஒரு பையன்.

ஒரு வயசான அம்மாள் மட்டும் உட்கார்ந்து, இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள். “பிரசர்காரி நான். எந்தப் பந்தல்லயும் வாயை நனைக்க முடியல. யாரு பெத்த மகராசியோ, எனக்குன்னு வச்சிருக்க” என்று மனைவியின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பிரஷர்காரர்களாகவே வந்தார்கள். மனைவி எல்லாருக்கும் ஊற்றினாள். ஊற்றுகிற கை ஊற்ற, கண் கூட்டத்தில் இருந்தது. தாடி வைத்திருப்பானோ, மெலிந்திருப்பானோ என்று நானும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அந்த வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் போனார்கள். எல்லாரும் கொஞ்சம் அவன் மாதிரியே இருந்தார்கள். யாரும் அவன் இல்லை.

சாயந்தரம் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கிற நேரம் வந்தது. ஊரே மண்டபத்தைப் பார்த்துத் திரும்பியது. வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் மடியில் கட்டிக்கொண்டு வந்த பருத்தியையும் வத்தலையும் நெல்லையும் அள்ளி வீசினார்கள். பருத்தி தலைக்கு மேலே வெள்ளையாகப் பறந்தது. நாங்களும் பானையை விட்டுவிட்டு, பந்தலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றோம். மனைவி வாய்விட்டே கேட்டாள். “தாயே, உனக்கு உன் சாமி வந்துட்டாரு. எனக்கு எம் பிள்ளையைக் காட்டு.” அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நானும் அழுதுவிட்டேன். அப்படி எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. திரும்பி வந்தபோது டம்ளர்கள் உருண்டு கிடந்தன. கூட்டம் கலைய ஆரம்பித்திருந்தது.

மறுநாள் காலையில் பேனரைக் கழற்றப் போனோம். நான் ஸ்டூலில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன். அவள் கீழே பிடித்து மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தவள் நின்றுவிட்டாள்.

“இங்கேருங்க” என்றாள்.

‘மோர்’ என்ற சொல்லில் ‘ர’வின் மேலே இருந்த மொக்குக்குக் கீழே, நீலப் பேனாவால் ஒரு சின்னக் கோடு. லேசாக இடது பக்கம் வளைந்தது. காம்பு.

மற்ற மொக்குகளை எல்லாம் விரித்துப் பார்த்தோம். ஒன்றிலும் இல்லை. பாத்திரக் கடைக்காரரிடம் கேட்டேன். “கூட்டத்துல எவன் என்ன கிறுக்குனான்னு யாருக்குத் தெரியும் அண்ணாச்சி? பிள்ளைக நூறு பேரு நின்னுச்சு” என்றார். அவர் சொல்வது சரிதான். கோடு என்றால் யார் கை பட்டாலும் வருகிற கோடுதான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தால்கூட விழும். நான் அதை மனைவியிடம் சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை என்று சொன்னேன்.

அவள் பேனரை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியில் டப்பாக்களுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாள். துவரம் பருப்பு டப்பாவின் காம்பைப் பார்ப்பாள், பேனரின் காம்பைப் பார்ப்பாள். சீரகத்தைப் பார்ப்பாள், திரும்ப இதைப் பார்ப்பாள். இரண்டும் ஒன்றுபோல இல்லை. டப்பாவில் இருக்கிற காம்புகளே ஒன்றுக்கு ஒன்று மாறித்தான் இருக்கின்றன. அதுதானே கையால் எழுதியதற்கு அடையாளம்.

அன்று சாயந்தரம் அம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து சொன்னாள். “அவ குடுத்துட்டா. கேட்ட உடனே குடுத்துட்டா. நாமதான் அந்நேரம் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுருக்கோம்.”

எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றாமல் இருந்திருக்காது. வந்தவன் எங்கள் முதுகைப் பார்த்திருக்கிறான். கை தூக்கி அழுகிறதையும் பார்த்திருக்கலாம். ஒரு எட்டு வைத்தால் தோளைத் தொட்டிருக்கலாம். ஒரு காம்பு மட்டும் வரைந்துவிட்டுப் போய்விட்டான். அவன் இல்லை, வேறு யாரோ கிறுக்கியது என்றால் எங்களுக்குப் பழைய துக்கம்தான். அவன்தான் என்றால் அது எப்பேர்ப்பட்ட துக்கம் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. இருந்தாலும் அம்மன் முன்னால் நிற்கும்போது, அது அவனாகவே இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

இப்போதும் லைன் போகிறேன். வெயிலில் அந்தப் பழைய போர்டுகள் வெளுத்துவிட்டன. அதே எழுத்தில் புதிதும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நான் இப்போது இரண்டு எழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. மொக்குக்குக் கீழே மட்டும் பார்த்துக்கொண்டு போகிறேன்.

நேற்று பூக் கட்டிக்கொண்டிருந்த மனைவி, நாரைப் பல்லில் கடித்தபடி, திடீரென்று கேட்டாள். “மோரு குடிச்சிருப்பானா?”

“பானையை நான்தான கழுவுனேன். உப்புப் போடாதது காலியாத்தான் இருந்துச்சு” என்றேன்.

“அது பிரசர்காரங்க குடிச்சிருப்பாக” என்றாள்.

சொல்லிவிட்டு, கட்டியிருந்த சரத்தைத் தூக்கி, ஒரு மொக்கும் நழுவாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.